பறந்த பயணத்தின் புகையை எதைக் கொண்டு ஈடுகட்டுவது?

விமான டிக்கெட் எடுக்கும்போது, பணம் கட்டும் பக்கத்துக்கு முன்னால் ஒரு சிறு கட்டம் வந்து நிற்கும். இன்னும் சில டாலர் கொடுத்தால் உங்கள் பயணத்தின் கார்பன் ஈடுகட்டப்படும் என்று எழுதியிருக்கும். அதை டிக் செய்வதா, விட்டுவிடுவதா? விட்டுவிட்டால், அந்தப் பொறுப்பை வேறு எப்படி நிறைவேற்றுவது? போயே ஆக வேண்டிய பயணம் என்று முடிவாகிவிட்ட ஒருவருக்கு இன்று என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது கொடுக்கிற பணத்துக்கு உண்மையாக வேலை செய்கிறது என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். போகாமலே காரியம் முடியும் என்றால் அதைவிட நல்ல வழி கிடையாது. ரயிலில் போக முடிந்தால் அது அடுத்தது. மிச்சமிருப்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எத்தனை டன்?

விமான எரிபொருள் ஒரு கிலோ எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது. எந்த நிறுவனத்தின் விமானமாக இருந்தாலும் இந்த எண் மாறாது. ஓரளவு நிரம்பிப் பறக்கும் புதிய ரக விமானம், ஒரு பயணியை 100 கிலோமீட்டர் கொண்டுபோகச் சுமார் 3 லிட்டர் எரிபொருள் செலவழிக்கும். லிட்டருக்கு 0.8 கிலோ எடை என்று வைத்தால் 2.4 கிலோ. 3.16-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ ஏழரைக் கிலோ புகை. ஆக, 8,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்குப் போய்த் திரும்பினால் ஆளுக்கு 1.2 டன். பிசினஸ் வகுப்பில் ஒரு இருக்கை அடைக்கிற இடம் மிக அதிகம் என்பதால், பிரிட்டன் அரசின் கணக்கீட்டு முறை நீண்ட தூரப் பயணத்தில் அதை எகானமியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்காக எடுத்துக்கொள்கிறது. ஈடுகட்டுவதைப் பற்றி யோசிக்கும் முன் இருக்கையை மாற்றினாலே இரண்டு டன்னுக்கு மேல் மிச்சம்.

இதோடு கணக்கு முடிவதில்லை. என்ஜினிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், விமானத்துக்குப் பின்னால் வெள்ளைக் கோடாக நீளும் பனித்துகள் மேகங்களும் தங்கள் பங்குக்கு வெப்பத்தைக் கூட்டுகின்றன. 2021-ல் வெளிவந்த விரிவான மதிப்பீடு ஒன்று, விமானப் போக்குவரத்தால் வரும் வெப்ப விளைவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இவற்றால் என்று சொல்கிறது. அந்த எண்ணைச் சுற்றிலும் தெளிவின்மை நிறைய இருப்பதையும் அதுவே சொல்கிறது. இந்த மேகங்கள் சில மணி நேரத்தில் கலைந்துவிடும். கரியமில வாயு அப்படிக் கலையாது. அதனால் இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. ஆனாலும் மேகங்களை மொத்தமாக விட்டுவிடுவது நியாயமில்லை. பிரிட்டன் அரசு பரிந்துரைக்கும் 1.7 என்ற பெருக்கு எண்ணை நான் ஏற்றுக்கொள்கிறேன். மேலே சொன்ன பயணம் அப்போது 2 டன் ஆகிறது. இனி வரும் விலைக் கணக்கெல்லாம் இந்த 2 டன்னை வைத்துத்தான்.

விமான நிறுவனங்களே கோர்சியா திட்டத்தின் கீழ் ஈடுகட்டுகின்றனவே, நாம் எதற்கு என்று கேட்கலாம். சர்வதேச விமானப் போக்குவரத்துக்காக 2016-ல் ஏற்கப்பட்ட அந்தத் திட்டம், மொத்தப் புகையையும் கணக்கில் எடுப்பதில்லை. 2019-ன் அளவில் 85 சதவீதத்தைத் தாண்டும் பகுதிக்கு மட்டும்தான் ஈடு. உள்நாட்டுப் பயணங்கள் அதில் சேராது. உங்கள் 2 டன்னில் பெரும்பகுதியை அது தொடுவதே இல்லை.

காலம்தான் அளவுகோல்

எந்த வழியையும் எடைபோட எனக்கு முதல் கேள்வி ஒன்றுதான்: உள்ளே போன கார்பன் எவ்வளவு காலம் உள்ளேயே இருக்கும்? நிலத்தடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த எண்ணெயை எடுத்து ஒரு மதியப் பொழுதில் எரிக்கிறோம். வெளிவந்த வாயுவில் ஒரு பகுதியைக் கடலும் மண்ணும் காடும் மெல்ல உறிஞ்சிக்கொள்கின்றன. ஆயிரம் ஆண்டு கழித்தும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காற்றில் மிஞ்சியிருக்கும். அப்படியிருக்க, முப்பது நாற்பது ஆண்டு மட்டும் பிடித்து வைக்கும் ஒரு வழியை ‘சமன் செய்துவிட்டோம்’ என்று சொல்வது, ஆயுள் கடனுக்கு ஒரு மாத வட்டி கட்டிவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்வது மாதிரி.

டிக்கெட் பக்கத்தில் வரும் கட்டம் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. அதன் பின்னால் பெரும்பாலும் இருப்பவை காடு வளர்ப்பு, காட்டைப் பாதுகாத்தல், புகை குறைந்த அடுப்பு போன்ற திட்டங்களின் கிரெடிட்டுகள், அதாவது இத்தனை டன் குறைத்தோம் என்று விற்கப்படும் சான்றுகள். டன்னுக்குச் சில டாலர்தான் விலை. அவற்றில் பல அகற்றலே அல்ல, காற்றில் ஏற்கெனவே கலந்த வாயுவை அவை வெளியே எடுப்பதில்லை. ‘நாங்கள் இல்லாவிட்டால் இந்தக் காடு வெட்டப்பட்டிருக்கும்’ என்ற அனுமானத்துக்குத் தரப்படும் கிரெடிட். 2023-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று ஆறு நாடுகளில் இருந்த 26 காட்டுப் பாதுகாப்புத் திட்டங்களை ஆராய்ந்தது. அவற்றில் பெரும்பாலானவை காடழிப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை என்றும், குறைத்தவையும் சொல்லிக்கொண்ட அளவுக்கு வெகு கீழே இருந்தன என்றும் அது கண்டது.

மரம் நிஜமாகவே வளர்ந்தாலும் அது எரியக்கூடியது. 2021-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மூண்ட பூட்லெக் தீ, கார்பன் ஈட்டுக்காக விற்கப்பட்டிருந்த காட்டின் ஒரு பகுதியையும் தின்றுவிட்டது. இப்படி நடக்கும் என்று தெரிந்துதான் கலிபோர்னியாவின் திட்டத்தில் கிரெடிட்டுகளில் ஒரு பங்கைக் காப்பீடு போல ஒதுக்கி வைக்கிறார்கள். காட்டுத்தீக்கு என்று நூறு ஆண்டுக்கு ஒதுக்கியது, பத்தே ஆண்டில் கிட்டத்தட்ட கரைந்துவிட்டது என்று 2022-ல் கார்பன்பிளான் அமைப்பு கணக்கிட்டுச் சொன்னது. வெயில் கூடக்கூடத் தீயும் கூடும் என்பதால் இந்த ஓட்டை தானாக அடைபடாது.

காட்டுக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நீருக்கும் மண்ணுக்கும் உயிர்களுக்கும் காடு வேண்டும். கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். அதை நன்கொடை என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் விமானப் புகையிலிருந்து கழிக்காதீர்கள்.

இன்னொரு வழி மாற்று விமான எரிபொருள். பழைய சமையல் எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்யப்படும் இந்த எரிபொருள், தயாரிப்பு முதல் எரிப்பு வரையிலான மொத்தக் கணக்கில் புகையை 80 சதவீதம் வரை குறைக்கும் என்கிறார்கள். சில நிறுவனங்கள் பயணிகளிடமே அதற்குப் பணம் வாங்குகின்றன. புகையை மூலத்திலேயே குறைக்கிறது என்பதால் எனக்கு இதில் மரியாதை உண்டு. ஆனால் கிடைப்பது கடுகளவு: 2024-ல் உலக விமான எரிபொருளில் 0.3 சதவீதம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025-லிருந்து 2 சதவீதம், 2030-ல் 6 சதவீதம் கலந்தே தீர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அங்கே நீங்கள் கொடுக்கும் பணம் கூடுதல் எரிபொருளைக் கொண்டுவருகிறதா, எப்படியும் கலக்க வேண்டியதற்கே போகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான பதில்கள் மழுப்பலாகவே இருக்கும்.

பயோசார்

நீடித்த அகற்றல் என்று சொல்லும் வழிகளில், சொன்னதைச் செய்து முடித்து இதுவரை ஒப்படைத்த டன்களில் மிகப் பெரும்பகுதி பயோசார்தான். எனவே இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

பயிர்க் கழிவோ மரத்தூளோ, அப்படியே கிடந்தால் சில ஆண்டுகளில் மட்கி, வளரும்போது இழுத்த கார்பனைத் திரும்பக் காற்றுக்கே கொடுத்துவிடும். அதையே காற்றுப் புகாத உலையில் 500, 600 டிகிரிக்குச் சூடாக்கினால் தீப்பிடிக்காமல் கருகி, அதிலிருந்த கார்பனில் ஏறக்குறைய பாதி கறுப்பாக, கனமில்லாமல், கையில் எடுத்தால் நொறுங்கும் கரியாக நின்றுவிடும். இந்தக் கரிதான் பயோசார். வெளிவரும் வாயுவை எரித்து அந்த வெப்பத்திலேயே உலையை ஓட்டலாம். நல்ல கரியில் 80 சதவீதம் கார்பன் இருக்கும். ஒரு கிலோ கார்பன் 3.67 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்பதால், ஒரு கிலோ பயோசார் கிட்டத்தட்ட 3 கிலோ வாயுவைப் பிடித்து வைத்திருக்கிறது. தயாரிப்பு, போக்குவரத்து, காலப்போக்கில் சிதையும் பங்கு எல்லாவற்றையும் கழித்தால் இரண்டு, இரண்டரைக் கிலோ தேறும். மண்ணில் கலந்தால் நீரையும் சத்தையும் பிடித்து வைக்கும். அமேசான் காட்டில் பழங்குடி மக்கள் உருவாக்கிய கறுப்பு மண், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகும் கரியோடு வளமாக இருக்கிறது.

எல்லாக் கரியும் ஒரே தரம் அல்ல. ஆய்வகத்தில் ஹைட்ரஜனுக்கும் கார்பனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள். 0.7-க்கு மேல் போனால் தரச்சான்றே கிடையாது, 0.4-க்குக் கீழே இருந்தால் நன்றாக வெந்த, மிக உறுதியான கரி. வாங்குபவர் பார்க்க வேண்டிய முதல் எண் இதுதான். இரண்டாவது, உலையின் வகை. திறந்த குழியில் சரியாக எரிக்காமல் செய்தால் மீத்தேன் கசியும். அகற்றியதில் ஒரு பங்கை அது அப்படியே விழுங்கிவிடும். மூன்றாவது, மூலப்பொருள். கழிவிலிருந்து செய்ததா, இதற்கென்றே மரம் வெட்டினார்களா?

எத்தனை காலம் நிற்கும் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. பல தரநிலைகள் நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு கிரெடிட் தருகின்றன. நன்கு வெந்த கரி நிலக்கரியில் இருக்கும் ஒரு வகைக் கரிமக் கூறைப் போன்றது, லட்சக்கணக்கான ஆண்டு தாங்கும் என்று அண்மைய ஆய்வுகள் சில சொல்கின்றன. விலை டன்னுக்குப் பெரும்பாலும் 100 முதல் 200 டாலர். நம் 2 டன்னுக்கு அதிகபட்சம் 400.

பாறைத்தூள்

பசால்ட் போன்ற எரிமலைப் பாறையை மாவாக அரைத்து வயலில் தூவுவது இந்த வழி. மழைநீரில் கரைந்த கரியமில வாயு பாறையோடு வினைபுரிந்து பைகார்பனேட்டாக மாறி, ஆறு வழியாகக் கடலில் சேர்கிறது. அங்கே பல்லாயிரம் ஆண்டுகள் இருக்கும். இயற்கை எப்போதும் செய்துவரும் வேலைதான். அரைப்பதால் வேகம் கூடுகிறது. அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு போலவும் பயன்படும், விவசாயிக்கு லாபம். இந்தியாவில் சிறு விவசாயிகளோடு சேர்ந்து இதைச் செய்யும் மாட்டி கார்பன் நிறுவனம், 2025 ஏப்ரலில் எக்ஸ்பிரைஸ் கார்பன் அகற்றல் போட்டியின் 5 கோடி டாலர் முதல் பரிசை வென்றது.

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. ஆனாலும் என் பயணத்தை முழுக்க இதன் மேல் ஏற்ற இன்னும் தயக்கம் இருக்கிறது. காரணம் அளவீடு. ஒரு டன் வாயுவைப் பிடிக்க மூன்று, நான்கு டன் தூளாவது வேண்டும். அது கரைய ஆண்டுக்கணக்கில் ஆகும். எவ்வளவு கரைந்தது என்பதை மண் மாதிரி எடுத்து, கரையாமல் தங்கும் டைட்டானியம் போன்ற தனிமங்களோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே வயலில் இரண்டு இடத்தில் எடுத்த மாதிரியே வேறுவேறு விடை தரும். நைட்ரஜன் உரம் உண்டாக்கும் அமிலம் பாறையைக் கரைத்துவிட்டால், பாறை தீர்ந்துபோகும், வாயு பிடிபட்டிருக்காது. வழியில் மண்ணடியிலும் ஆற்றிலும் எவ்வளவு திரும்பக் காற்றுக்குப் போகிறது என்பது இன்னொரு கேள்வி. சில பாறைகளில் நிக்கலும் குரோமியமும் இருப்பதால் எந்தப் பாறை என்பதும் முக்கியம். விலை டன்னுக்கு 200 முதல் 400 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம்.

காற்றிலிருந்து நேரடியாக

அளவிடுவதில் சந்தேகமே இல்லாத வழி வேண்டும் என்றால் இதுதான். பெரிய மின்விசிறிகள் காற்றை இழுக்கின்றன; வடிகட்டியில் வாயு ஒட்டிக்கொள்கிறது; சூடாக்கினால் பிரிந்து வருகிறது; அதை நிலத்தடிக்கு அனுப்புகிறார்கள். குழாயில் மீட்டர் இருக்கிறது, எத்தனை கிலோ போனது என்பது அதிலேயே தெரியும். ஐஸ்லாந்தில் கார்ப்ஃபிக்ஸ் குழு வாயுவை நீரில் கரைத்துப் பசால்ட் பாறைக்குள் செலுத்தியது. இரண்டே ஆண்டுக்குள் 95 சதவீதத்துக்கு மேல் கல்லாகிவிட்டது என்று 2016-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு, இந்தத் துறையில் நான் படித்தவற்றிலேயே மிகுந்த நம்பிக்கை தந்தது. கல்லானது எரியாது, கசியாது.

இடைஞ்சல் காற்றிலேயே இருக்கிறது. ஒரு கனமீட்டர் காற்றில் முக்கால் கிராம் கரியமில வாயுதான் உண்டு. ஒரு டன் பிடிக்க, ஒரு மூலக்கூறுகூடத் தப்பாமல் பிடித்தாலும், 13 லட்சம் கனமீட்டர் காற்றை இழுத்தாக வேண்டும். சூடாக்கவும் விசிறி ஓட்டவுமாக ஒரு டன்னுக்கு 2,000 கிலோவாட் மணிக்கு மேல் ஆற்றல் பிடிக்கும், அதில் பெரும்பகுதி வெப்பம். இதை நிலக்கரி மின்சாரத்தில் ஓட்டினால் பிடிப்பதைவிட விடுவது அதிகமாகிவிடும். ஐஸ்லாந்தில் புவிவெப்பம் இருக்கிறது என்பதால்தான் கிளைம்வொர்க்ஸ் நிறுவனம் 2021-ல் ஓர்கா ஆலையையும் 2024-ல் மாமத் ஆலையையும் அங்கே நிறுவியது. மாமத்தின் பெயரளவுத் திறன் ஆண்டுக்கு 36,000 டன். இரண்டு ஆலைகளிலும் உண்மையில் அகற்றப்பட்ட அளவு அறிவித்த திறனுக்கு வெகு கீழே இருந்து வருகிறது. 2023-ல் உலக விமானப் போக்குவரத்து வெளியிட்டது ஏறத்தாழ 95 கோடி டன். மாமத் முழுத் திறனில் ஓடினாலும், அப்படி 26,000 ஆலைகள் வேண்டும்.

தனிநபருக்கு விலை டன்னுக்கு 600 டாலரிலிருந்து 1,000-ஐத் தாண்டியும் போகும். நம் 2 டன்னுக்கு டிக்கெட் விலையைவிடக் கூட வந்துவிடலாம். அதோடு, பணம் கட்டிய பிறகு அகற்றிக் கொடுக்கச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டிவரும்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தாவரக் கழிவை எண்ணெயாக்கி ஆழ்கிணற்றில் இறக்குவது உறுதியானது, ஆனால் விலை நேரடிப் பிடிப்பை நெருங்குகிறது. உயிர்ப்பொருளை எரித்து மின்சாரமும் வெப்பமும் எடுத்து, புகைபோக்கியிலேயே வாயுவைப் பிடிக்கும் திட்டங்கள் பெரியவை. ஸ்டாக்ஹோம் எக்ஸெர்கி ஆண்டுக்கு 8 லட்சம் டன் என்று திட்டமிட்டிருக்கிறது. அவற்றை வாங்குவது மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள், நம்மைப் போல ஒன்றிரண்டு டன் வாங்க வருபவர்களுக்கு அங்கே அவ்வளவாக இடமில்லை. கடல்நீரில் காரத்தன்மையைக் கூட்டும் வழிகள் ஆராய்ச்சிக்குத் தகுதியானவை. பயணக் கணக்கில் கழிக்கும் அளவுக்கு அளவீடு இன்னும் வரவில்லை.

பணம் கட்டும் முன்

ஆர்டர் வேறு, கையில் வந்தது வேறு. இந்தச் சந்தையில் விற்கப்பட்ட டன்களில் இதுவரை ஒப்படைக்கப்பட்டது சிறு பங்குதான். இடையில் நிறுவனமே மூடப்படுவதும் உண்டு: கடலில் கார்பனை மூழ்கடிப்பதாகச் சொன்ன ரன்னிங் டைட் 2024-ல் மூடப்பட்டது. அதனால் விற்பவரிடம் ‘இது முடிந்த டன்னா, வரப்போகும் டன்னா’ என்று நேராகக் கேளுங்கள்.

முடிந்த டன் என்றால் பூரோ எர்த் போன்ற பொதுப் பதிவேட்டில் அதற்கு வரிசை எண் இருக்கும். எந்த ஆலை, எந்த ஆண்டு, யார் தணிக்கை செய்தார்கள் என்பதும் அதே பக்கத்தில் இருக்கும். வாங்கிய பிறகு அந்த எண் ‘ரிடையர்’ செய்யப்பட்டு, அதாவது மறுபடி விற்க முடியாதபடி முடக்கப்பட்டு, பயனாளி என்ற இடத்தில் உங்கள் பெயர் வர வேண்டும். அது வராதவரை அதே டன்னை இன்னொருவருக்கும் விற்க முடியும். பச்சை இலை போட்ட சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தால் போதாது. எண்ணைப் பதிவேட்டில் தேடிப் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

சரி, நான் என்ன செய்வேன்? 2 டன்னுக்கு 400 டாலர் ஒதுக்க முடிகிறவர் என்றால், முழுக்கவும் பயோசார்: ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்டது, கழிவிலிருந்து செய்தது, ஹைட்ரஜன்-கார்பன் விகிதம் 0.4-க்குக் கீழே. ஆயிரம் டாலர் வரை முடியும் என்றால் அந்த 2 டன் பயோசாரை அப்படியே வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் காற்றிலிருந்து நேரடியாகப் பிடிப்பதிலோ பாறைத்தூளிலோ போடுவேன், அதைப் பயணக் கணக்கில் கழிக்காமல். விலை இறங்க யாராவது முதலில் வாங்கியாக வேண்டும். 2022-ல் ஸ்டிரைப், ஆல்ஃபபெட், ஷாப்பிஃபை, மெட்டா, மெக்கின்சி ஆகியவை சேர்ந்து 92.5 கோடி டாலர் வாக்களித்து, அகற்றலை முன்கூட்டியே வாங்கும் ஃபிரன்டியர் திட்டத்தைத் தொடங்கியதும் இந்த எண்ணத்தில்தான். டன்னுக்கு 100 டாலருக்குக் கீழே வரக்கூடிய வழிகளைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

நூறு டாலர்தான் முடியும் என்றால்? அரை டன், முக்கால் டன் பயோசார் வாங்குங்கள். மீதி ஈடாகவில்லை என்று எழுதி வையுங்கள். அதே நூறு டாலருக்கு மலிவுக் கிரெடிட் 20 டன் வாங்கிக் கணக்கைத் தாளில் நேர்செய்வதைவிட, நிஜமாக அகன்ற அரை டன் எனக்குப் பெரிது. ஈடாகாத அந்த ஒன்றரை டன், அடுத்த முறை டிக்கெட் தேடும்போது கண்ணெதிரே இருக்கட்டும்.